மாமனாரின் புகை

சீனப் புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கும் அந்தச் சின்ன அச்சகத்தில் அங்பாவ் உறைகள் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டு, நடக்க இடமில்லாமல் இருந்தது. பெருநாளில் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அந்தச் சிவப்பு உறைகளுக்கு நிறம் பார்ப்பதுதான் லினெட்டின் வேலை. மெஷினிலிருந்து வரும் முதல் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்து அவள் சரி என்றால்தான் மற்றது ஓடும். ஒன்பது வருடமாகச் செய்கிற வேலை. அவள் கண்ணை முதலாளி அளவுகோல் போல நம்பியிருந்தார்.

அன்று காலை அவள் கையிலிருந்த தாள் வெளுத்துப்போன செங்கல் மாதிரி இருந்தது. சிவப்பைக் கூட்டச் சொன்னாள். மெஷின் ஓட்டும் இப்ராஹிம் கூட்டினான். அடுத்த தாளும் அப்படியே இருந்தது.

"இன்னும் ஏத்துங்க."

"போதும்லா அக்கா. கறுத்துப் போகுது," என்றான் அவன்.

"எனக்கு வெளுத்துத்தான் தெரியுது. ஏத்துங்க."

நாலாயிரம் தாள் ஓடி முடிந்த பிறகு முதலாளி வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். உறைந்த ரத்தத்தின் நிறம். அவர் திட்டவில்லை. "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். லினெட் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தாளை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கருஞ்சிவப்பு. வலது கண்ணுக்கு அதே தாள் பலமுறை துவைத்த துண்டு மாதிரி இருந்தது. மூன்று நாளாகவே அந்தக் கண்ணை உருட்டினால் பின்னால் வலித்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஐந்து நாள் ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வாயில் இரும்புச் சுவை ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் டாக்டர் ஷாஹிரா அவளையும் அவள் கணவன் நாதனையும் உட்காரவைத்துப் பேசினார். தமிழ் முஸ்லிம் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். எதையும் மூடி மறைக்காமல், அதே நேரம் பயமுறுத்தாமல் சொல்லத் தெரிந்தவர்.

"இதுக்குப் பேரு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ். எம்.எஸ்.னு சொல்லுவோம். நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பு, தன்னோட நரம்பு மேல இருக்கிற உறையையே தாக்குது. அங்கங்கே வீங்கிப் புண்ணாகுது. இப்போ கண் நரம்பு. நாளைக்கு வேற இடமா இருக்கலாம், பல வருஷம் ஒண்ணுமே வராமலும் இருக்கலாம். முழுசா குணமாக்க மருந்து இல்லை. ஆனா அடிக்கடி வராம தடுக்க மருந்து இருக்கு."

நாதன் ஒரு சின்னப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான். ஆரம்பப் பள்ளி ஆசிரியன். எழுதினால்தான் அவனுக்குப் புரியும். டாக்டர் கணினிப் பக்கம் திரும்பி வரிசையாகக் கேள்விகள் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா, சின்ன வயதில் என்ன காய்ச்சல் வந்தது, வெயிலில் போவீர்களா.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"இல்லை," என்றாள் லினெட்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. கல்யாணமான மூன்று வருடமாகப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வீட்டில யாராவது?"

"எங்கப்பா," என்றான் நாதன். அவன் பேனா நின்றுவிட்டது. "ஒரு நாளைக்கு ஒன்றரைப் பாக்கெட். ஏன் டாக்டர், அதனால வருமா?"

"அதனால மட்டும்தான்னு யாராலும் சொல்ல முடியாது. நிறைய காரணம் சேர்ந்துதான் வருது. ஆனா பிடிக்கிறவங்களுக்கு வர வாய்ப்பு கூடுதல். வந்த பிறகும் பிடிச்சா நோய் வேகமா முத்துது. பக்கத்துல இருந்து புகையைச் சுவாசிக்கிறவங்களுக்கும் ஓரளவு ஆபத்து இருக்கிற மாதிரி ஆராய்ச்சியில தெரியுது."

நாதன் அதையும் எழுதிக்கொண்டான். கடைசி வாக்கியத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டான். லினெட் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் பத்தொன்பது வயதில் பிடிக்கத் தொடங்கியவள். கல்லூரி விடுதியில் விளையாட்டாகத் தொடங்கியது. அச்சகத்தில் சேர்ந்த பிறகு பின் சந்தில், கணக்கு பார்க்கும் ருக்குமணியோடு காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று போய், வேலை நெருக்கும் மாதங்களில் ஏழு எட்டு ஆகிவிடும். மையின் நாற்றமும் தின்னரின் நாற்றமும் உடுப்பில் ஏறியிருப்பதால் சிகரெட்டு நாற்றம் தனியாகத் தெரியாது. வீட்டுக்குப் போகுமுன் ஏலக்காய் மென்று, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிடுவாள்.

நாதனிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவன் அம்மா நுரையீரல் புற்றுநோயில் செத்தவர். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. அப்பா லாரன்ஸோ அடக்கம் முடிந்து கல்லறையை விட்டு வெளியே வந்ததும் வாசலிலேயே ஒன்றைப் பற்றவைத்தவர். அதைச் சொன்னபோது நாதனுக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன், கடற்கரையில் உட்கார்ந்து ரோஜாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாலையில், "இன்னொரு ஆள் பிடிக்கிற வீட்டுல என்னால மூச்சு விட முடியாது, லின்," என்றான். அவள் அன்று விட்டுவிடுவதாக மனதுக்குள் முடிவு செய்தாள். ஐந்து வாரம் விட்டும் இருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிய அன்று லாரன்ஸ் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. மருமகளுக்காகக் கஞ்சி வைத்து மூடியிருந்தார். நாதன் செருப்பைக் கூடக் கழற்றாமல் அந்தச் சின்னப் புத்தகத்தைத் திறந்து, கோடு போட்ட வாக்கியத்தை வாசித்துக் காட்டினான்.

லாரன்ஸ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "டாக்டர் அப்படியா சொன்னாங்க?"

"எழுதி வெச்சிருக்கேன் பாருங்க. முதல்ல அம்மா. இப்போ இவ."

பெரியவர் மகனைப் பார்க்கவில்லை. லினெட்டைத்தான் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு சாம்பல் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டு முகப்பில் வைத்தார். அன்றிலிருந்து அவர் பிடிப்பது அங்கேதான். மழை சாய்ந்து அடித்தால் நனைந்துகொண்டு நிற்பார்.

அதோடு முடிந்திருந்தால் லினெட் எப்படியோ சமாளித்திருப்பாள். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கி இரண்டாம் வாரத்தில் நாதன் அக்காவுக்குப் போன் செய்தான். கேத்தரின் கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் இருந்தாள். அரசாங்க அலுவலகத்தில் வேலை, வீட்டுக்குப் பின்னால் வாழைத் தோட்டம். அப்பாவை அங்கே அனுப்புவதென்று அக்காவும் தம்பியும் முடிவு செய்தார்கள். அப்பாவிடம் கேட்கவில்லை, சொன்னார்கள்.

புறப்படும் நாள் லாரன்ஸ் இரண்டு பெட்டியும் ஒரு மின்விசிறியும் எடுத்துக்கொண்டார். நாதன் காரைக் கொண்டுவரக் கீழே போயிருந்தான். வாசலில் மாமனாரும் மருமகளும் மட்டும் நின்றார்கள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவள் வாயைத் திறந்தாள்.

"மாமா, ஊசி எல்லாம் நேரத்துக்குப் போட்டுக்குங்க," என்றாள். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு.

"நீயும் போட்டுக்கம்மா," என்றார் அவர். லிஃப்ட் வந்தது, போய்விட்டார்.

அவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. இன்டர்ஃபெரான் என்ற மருந்து. தொடையிலோ வயிற்றிலோ அவளே குத்திக்கொள்ள வேண்டும். குத்திய மறுநாள் காய்ச்சல் வந்ததுபோல் உடம்பு வலிக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நிறம் பார்க்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவளை ஆர்டர் எழுதும் மேசைக்கு மாற்றியிருந்தார்கள். பின் சந்துக்குப் போவதை நிறுத்தினாள். எட்டு நாள். ஒன்பதாம் நாள் ருக்குமணி, "இவ்வளவு டென்ஷன்ல நிறுத்துனா உடம்பு இன்னும் கெடும்டி, ஒண்ணே ஒண்ணு," என்றாள். லினெட்டுக்கு வேண்டியிருந்ததும் யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான். வாங்கிப் பற்றவைத்தாள். முதல் இழுப்பில் தலை சுற்றியது. மாமனார் இல்லாத வீடு நினைவுக்கு வந்தது. அணைத்துவிட்டாள். மாலையில் இன்னொன்று வாங்கினாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் மண்டியிட்டவளால் எழுந்திருக்க முடியவில்லை. இடது கால் மரத்திருந்தது. ரத்த ஓட்டம் நின்றிருக்கும் என்று தேய்த்துவிட்டாள். தலையைக் குனிந்தபோது கழுத்திலிருந்து முதுகு வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஓர் அதிர்வு ஓடியது. நாதன் அவளைத் தோளில் தாங்கி வெளியே கூட்டிவந்தான். மறுபடி ஸ்கேன், மறுபடி ஸ்டீராய்டு. முதுகுத்தண்டில் புதிதாக ஒரு புண்.

டாக்டர் ஷாஹிராவின் முகத்தில் யோசனை இருந்தது. "ஊசி ஒழுங்கா போடுறீங்க, தேதியெல்லாம் சரியா இருக்கு. ஆனா வேலை செய்யலை. சில பேருக்கு உடம்பு இந்த மருந்தையே எதிர்த்து, செயல்படாம ஆக்கிரும். ரத்தம் எடுத்துப் பார்ப்போம். சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு அப்படி ஆகுறது கொஞ்சம் அதிகம், ஆனா நீங்கதான் பிடிக்கிறது இல்லையே." கணினித் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மறுபடியும் கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. எப்பவாவது பிடிச்சதுண்டா?"

நாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இல்லை டாக்டர்," என்றாள்.

இரண்டாம் முறை சொன்னது தானாக வந்ததில்லை. யோசித்தே சொன்னாள். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"வீட்டுல இப்ப சுத்தமா புகையே இல்லை," என்றான் நாதன். "மூணு மாசமாச்சு. பிறகு ஏன்?"

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆனால் நாதனுக்குப் பதில் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அவனே ஒன்றைக் கண்டுபிடித்தான். முப்பது வருடப் புகை சுவரிலும் சோபாவிலும் ஊறியிருக்கிறது, அதுதான் இவளைக் கொல்கிறது என்றான். திரைச்சீலைகளைக் கழற்றினான். அம்மா வாங்கிய சோபாவை இரண்டு பேரைக் கூட்டிவந்து கீழே தூக்கிப் போட்டான். பள்ளி விடுமுறை முழுதும் சுவரைத் தேய்த்துத் தேய்த்துப் பழுப்பு நிறத் தண்ணீரை வாளி வாளியாகக் கொட்டினான். லினெட் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தான்.

"சுவத்துல இருந்து என்ன வழியுதுன்னு வந்து பாருங்கப்பா. அம்மாவை நீங்க கொன்னீங்க. இவளையும் கொஞ்சம் கொஞ்சமா கொல்லுறீங்க. அங்க உட்கார்ந்து இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அதிக நேரம் எதுவும் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. நாதன் போனை வைத்துவிட்டு மறுபடி சுவரைத் தேய்க்கப் போனான். லினெட் காலைக் கீழே இறக்கி எழுந்தாள். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றும் காலையில் அவன் கடைக்குப் போன நேரத்தில் ஒன்று பிடித்திருந்தாள்.

மறுவாரம், அவன் பள்ளிக்குப் போன பிறகு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவள் புறப்பட்டாள். கிராப் டாக்சியில் ஃபெரித் துறை வரை போனாள். அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி பஸ் நிலையத்துக்கு நடப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. உடம்பு சூடானால் வலது கண் மங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸின் எண் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மலாய்ப் பெண்ணிடம் கேட்டு ஏறினாள். கெப்பாலா பத்தாஸில் இறங்கியபோது இடது காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

லாரன்ஸ் வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கையில் சிகரெட்டு. மருமகளைக் கண்டதும் அதைக் காலடியில் போட்டு மிதித்தார்.

"தனியாவா வந்தே? அவன் எங்க?"

"அவருக்குத் தெரியாது மாமா."

எழுந்து நாற்காலியை அவளிடம் தள்ளிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

"மாமா, நான் பிடிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்து. டாக்டர் கேட்டப்போ ரெண்டு தடவையும் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்," என்றார் லாரன்ஸ்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் பாக்கெட்டுல ஒண்ணு ரெண்டு குறையும். பெருநாள் லீவுல கடை எல்லாம் மூடியிருந்தா இன்னும் குறையும். துறைமுகத்துல முப்பத்தோரு வருஷம் சரக்கு எண்ணுனவன்மா நான். எனக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." அவர் குரல் உயரவில்லை. "சாம்பல் தட்டை வெளியே கொண்டுபோய் வெச்சப்போ சொல்லுவேன்னு நினைச்சேன். பெட்டியைத் தூக்குனப்போ வாயைத் திறந்தே, சரி, இப்போ சொல்லுவேன்னு நினைச்சேன். ஊசியைப் பத்திப் பேசுனே. போன வாரம் அவன் போன் பண்ணுனான். நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இருந்தேன்."

"அவன் அம்மா விஷயத்துல அவன் என்ன சொன்னாலும் நான் வாங்கிக்குவேன். அது நான் செஞ்சது. ஜெபம் பண்ணுறப்போ எல்லாம் அது முன்னால வந்து நிக்குது, அப்பவும் இந்தச் சனியனை விட முடியலை. ஆனா இது?" மிதித்த சிகரெட்டைக் காலால் தள்ளினார். "என் புகையினாலயும் இருக்கலாம். அதையும் யோசிச்சுட்டுத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தூங்க முடியலைம்மா எனக்கு."

லினெட் அழுதாள். அவர் தேற்றவில்லை. வாழை இலை ஒன்றின் கிழிந்த ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு நின்றார்.

"என்னை மன்னிச்சுருங்க மாமா."

"இங்க வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போறது சுலபம். எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. அவன்கிட்ட சொல்லு. அந்த டாக்டர்கிட்ட சொல்லு. மருந்து கொடுக்கிறவங்க கண்ணைக் கட்டிக்கிட்டா கொடுப்பாங்க?"

கேத்தரின் வேலையிலிருந்து வருமுன் அவரே அவளை பஸ் நிறுத்தம் வரை கூட்டிவந்தார். பஸ் வந்ததும் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

டாக்டரிடம் சொல்வது எளிதாக இருந்தது. ஃபெரித் துறையில் உட்கார்ந்து கிளினிக்குக்குப் போன் செய்தாள். அரைமணி கழித்து டாக்டர் ஷாஹிராவே திரும்ப அழைத்தார். "சொன்னது நல்லது," என்றார். "ரத்தப் பரிசோதனையும் வந்திருச்சு. ஊசியை உடம்பு எதிர்க்குது. எப்படியும் மருந்தை மாத்தணும். சிகரெட்டை நிறுத்துறதுக்கும் உதவி செய்ய ஆள் இருக்காங்க, பேர் எழுதிவிடவா?" ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

"நான் விட்டிருந்தா கால் இப்படி ஆகியிருக்காதா டாக்டர்?"

"தெரியாது லினெட். ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆகியும் இருக்கலாம். உங்க ஒருத்தரை வெச்சு அதைச் சொல்லவே முடியாது. இனிமே விட்டா நல்லதுங்கிறது மட்டும் உறுதி."

நாதன் மாலை நான்கு மணிக்கு வந்தான். சுவருக்கு இரண்டாம் பூச்சு அடிக்கச் சுண்ணாம்பு வெள்ளைப் பெயிண்டு வாங்கி வந்திருந்தான். அவள் அவனை உட்காரச் சொன்னாள். உட்கார சோபா இல்லாததால் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் விடுதியிலிருந்து தொடங்கி அன்று காலை வரை எல்லாவற்றையும் சொன்னாள். ஏலக்காயைச் சொன்னாள். மாமாவுக்குத் தெரிந்திருந்ததையும் சொன்னாள்.

அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று ஒரு தடவை கேட்டான். பிறகு, "தெரிஞ்சுமா போனாரு?" என்றான்.

"ஆமா."

அவன் எழுந்து பெயிண்டு டப்பாவைத் திறந்தான். தூரிகையை முக்கினான். ஒரு சுவரில் பாதி அடித்தான். பிறகு முதுகைக் காட்டியபடியே நின்றுவிட்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. அவள் எழுந்து போக முயன்றாள். இடது கால் அன்று அவ்வளவு தூரம் போய் வந்ததில் எழும்ப மறுத்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நாதன்," என்றாள். அவன் திரும்பவில்லை.

பதினொரு நாள் அவளிடம் அவன் தேவைக்கு மட்டும் பேசினான். கிளினிக்குக்குக் கூட்டிப்போனான், மருந்து வாங்கிக் கொடுத்தான், சமைத்து வைத்தான். சாப்பிடும்போது எதிரே உட்காரவில்லை. அவள் சிகரெட்டை நிறுத்த உதவும் நிக்கோட்டின் பட்டையைக் கையில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போய், ருக்குமணியிடம் இனி கூப்பிடாதே என்று சொன்னாள். ருக்குமணி கோபித்துக்கொண்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அந்தப் பதினொரு நாளில் ஒருநாள் தவறிப்போய் ஒன்று பிடித்துவிட்டாள். அன்று மாலையே நாதனிடம் சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, அவன் கெப்பாலா பத்தாஸுக்குப் போனான். அப்பாவைக் கூட்டிவருவான் என்று நினைத்து லினெட் அறையைக் கூட்டி, படுக்கை விரித்து வைத்தாள். மத்தியானம் அவன் தனியாகத் திரும்பினான். கண் சிவந்திருந்தது. கேத்தரின் கொடுத்தனுப்பிய வாழைத்தாரைச் சமையலறையில் வைத்தான்.

"வரமாட்டேங்கிறாரு," என்றான். "கால்ல விழுந்தேன். எழுப்பி உட்கார வெச்சு சாப்பிடச் சொன்னாரு. அவரால சிகரெட்டை விட முடியாதாம், அதனால இங்க வரக்கூடாதாம். உன் உடம்புக்கு ஆகாதுங்கிறாரு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்து, மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போறேன்னாரு. அவ்வளவுதான்."

"நான் வேணா போய்க் கேட்கவா?"

"வேணாம். அவரு சொல்றது சரிதானே." கைகழுவிவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். தட்டைத் தன் பக்கம் இழுத்தான். "லின், எனக்கு இன்னும் கோபம் போகலை. உன்மேலயும் இருக்கு, என்மேலயும் இருக்கு. அந்தப் போன்ல பேசுனதை எப்படித் திரும்ப எடுக்கிறதுன்னு தெரியலை. கோபம் போகும்னும் சொல்ல முடியாது."

"தெரியுது," என்றாள் லினெட்.

அவன் சோற்றைப் போட்டுக்கொண்டு, அவளுக்கும் போட்டான். குழம்புச் சட்டி அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதைத் தூக்கி அவள் பக்கம் வைத்தான்.